எண்ணிக்கை சரி

கயிறுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது சுவரில் அடித்த கொக்கி. அதில் சந்தேகமே இல்லை, அவளேதான் மாட்டினாள். ஆனால் மேசையின் இந்த முனையில் நின்று பாராசூட்டின் உச்சியைத் தன் பக்கம் இழுத்தபோது, அந்த முனை ஒரு நூலளவு விட்டுக்கொடுத்தது. பிறகு மெல்லத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. மறுபடி நூலளவு விட்டது. சுவருக்குள் நாலு அங்குலம் இறங்கிய இரும்பு அப்படிச் செய்யாது. கொக்கிக்கு மூச்சு கிடையாது. எதிர்முனையில் ஒரு ஆள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால்தான், அவன் மூச்சை இழுத்து விடுவதற்கேற்ப இப்படி வந்து போகும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நீள மேசை, அதன் மேல் கிடத்திய வெள்ளைத் துணி, துணியின் ஓரத்திலிருந்து கிளம்பி ஒன்றுசேர்ந்து போகும் கயிறுகள், கடைசியில் கொக்கி. வெயில் பட்டால் துணி கெடும் என்று ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்ட கூடம் அது. காற்று வந்தால் மடிப்பு கலையும் என்று மின்விசிறியும் கிடையாது. பகல் ஒரு மணிக்கும் குழல்விளக்கு எரிந்தால்தான் கை தெரியும். அந்த விளக்கின் ரீங்காரம், புதுக்குடையை விரித்தால் வருவதுபோல் துணியிலிருந்து வரும் லேசான வாடை, தகரக் கூரையின் மேல் புறாக்கள் நகம் உரச நடக்கும் சத்தம். இவை தவிர அங்கே எதுவும் இல்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

வராததில் ஆச்சரியம் இல்லை. பதினோரு மாதமாக அவளிடம் எதுவுமே வந்து சேர்வதில்லை. அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, விரலில் கொப்புளம் எழும்பிய பிறகு அதைப் பார்த்துத்தான் சுட்டது என்று தெரிந்துகொள்வாள். ‘கல்லாட்டம் இருக்கா’ என்று சொந்தக்காரர்கள் முதலில் பரிதாபமாகச் சொன்னார்கள், அப்புறம் அதையே குறையாகச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் மூடப் பார்க்கவும் இல்லை. காலையில் எழுந்தாள், கூடத்துக்கு வந்தாள், மடித்தாள், வீட்டுக்குப் போனாள்.

மடிப்பதுதான் அவள் தொழில். பாராகிளைடரில் பறக்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே ஒரு பெரிய துணிச்சிறகு இருக்கும். வானத்தில் அது மடங்கிக் கசங்கிப்போனால் வீசுவதற்கென்று இடுப்போரம் ஒரு சின்ன மூட்டை வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ரிசர்வ். சிவப்புக் கைப்பிடியை இழுத்துத் தூர வீசினால், கயிறு முழு நீளத்துக்கும் ஓடி, உள்ளே இருக்கும் பை வாயைத் திறந்து, பாராசூட் மலர வேண்டும். ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள், அது மறுக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பிரித்து, ஒரு நாள் உத்தரத்தில் தொங்கவிட்டுக் காற்றாடவிட்டு, கூறு கூறாக அடுக்கி, திரும்ப மடித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவாள். அவளை எல்லோரும் ‘மடிப்பக்கா’ என்பார்கள். ‘அக்கா மடிச்சா அசையாது, வீசினா மூடாது’ என்று பறப்பவர்கள் நடுவே ஒரு வசனமே உண்டு.

கயிறுகளை விறைப்பாக வைக்காமல் அடுக்க முடியாது. அதனால் எதிர்முனையில் ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கம். பதினைந்து வருஷம் அவள் புருஷன்தான் பிடித்தான். பறக்கக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் அவன். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அந்த முனையில் வந்து நின்றுகொண்டு, “இழு இழுன்னு இழுக்கிறியே, நான் என்ன மாடா?” என்று வம்பு செய்வான். கயிறு வழியாக அவன் சிரிப்பது அவள் விரலுக்குத் தெரியும். கொக்கி வந்தது போன வருஷம்.

கொக்கியை அவள் போய்த் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. ஆட்டிப் பார்த்தாள். சுவரோடு சுவராக நின்றது.

சந்தேகம் வந்தால் கழற்று, முதலிலிருந்து ஆரம்பி என்பது அந்தக் கூடத்தின் சட்டம். அவள் கயிற்று வளையத்தைக் கொக்கியிலிருந்து கழற்றி, துணியை உதறி, வெறும் மேசையிலிருந்து ஆரம்பிக்கப் போனாள். அன்றைக்கு மேசையில் கிடந்தது சாதாரண ரிசர்வும் இல்லை. அவள் கொழுந்தனுடையது.

மடிக்கச் சொல்லித் தந்தவனே அவன்தான். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்குள் வந்தபோது அரைக்கால் சட்டையோடு நின்ற பையன். தாய் இல்லாத பிள்ளை. அவள் சோறு போட்டு, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, மீசை முளைப்பதைப் பார்த்துக் கேலி செய்து வளர்த்தவன். அண்ணன் போனதிலிருந்து அவனும் பறக்கவில்லை. முந்தாநாள் ரிசர்வை அவனே பிரித்து உத்தரத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். இன்று காலை இறக்கி மேசையில் வைத்தான்.

“நாளைக்குப் போறேன் அண்ணி. அதே மேட்டுல இருந்துதான்.”

“நாளைக்கேவா?”

“பதினோரு மாசம் ஆச்சு. இப்ப ஏறலைன்னா அப்புறம் எப்பவும் ஏற மாட்டேன்.” கொஞ்ச நேரம் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றான். “அண்ணன் மேல எனக்கு ஆத்திரமே அடங்கல. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தான்! யோசிக்காதே, இழு, வீசு. கடைசியில தான் இழுக்காமயே போயிட்டான். இழுத்திருந்தா திறந்திருக்கும். நீங்க மடிச்சது.”

அவள் ரப்பர் வளையங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன். சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

சாப்பிட்டிருக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். முன் அறையில் கிழிந்த சிறகுகளைத் தைக்கும் தையல்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். பத்து நிமிஷத்தில் டீயும் இரண்டு பன்னும் வந்தன. ஒரு மணிக்குத் தையல்காரர் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். “சனிக்கிழமையும் மடிப்பாம்மா? என் வீட்டுல நாலு வாரத் துணி மடிக்காம கிடக்கு. உன்னை மாதிரி ஒரு ஆள் அங்க இல்ல,” என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பன் அப்படியே இருந்தது.

வெறும் மேசையிலிருந்து ஆரம்பிப்பது என்றால் முதலில் எண்ணுவது. பையின் வாயை மூடும்போது உதவிக்கு இழுக்கிற சிவப்புக் கயிறுகள் ஏழு. முழம் நீளம்தான், மூடி முடித்ததும் உருவிவிட வேண்டும். ஒன்றை உருவ மறந்தால் அது உள்ளேயே சிக்கி, பை வாயைத் திறக்காது. அதனால் ஆரம்பிக்கும்முன் பலகையில் ஏழு ஆணிகளில் ஏழு கயிறு தொங்க வேண்டும்; முடித்த பின்னும் ஏழு தொங்க வேண்டும். குறைந்தால் அன்றைக்கு மடித்த அத்தனை மூட்டையையும் பிரிக்க வேண்டும். காலையில் அவள் எண்ணியிருந்தாள். எண்ணியதாகத்தான் நினைப்பு. கை பாட்டுக்கு ஆணிகளைத் தொட்டுக்கொண்டு போகும், கண் வேறெங்கோ இருக்கும்.

இப்போது பார்த்து எண்ணினாள். எட்டு.

கடைசி ஆணியில் இரண்டு. மேலே இருந்தது பளிச்சென்ற சிவப்பு. அதன் அடியில் ஒன்று கறுத்துத் தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது, விழாமல். கிட்டப் போனபோது பாசி வாடை வந்தது. நெடுநாள் அசையாமல் கிடந்த தண்ணீரின் வாடை.

அந்தப் பளிச்சென்ற சிவப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைப் பற்றி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

புருஷன் போன அன்று காலையில் மூன்று ரிசர்வ் மடித்தாள். மூன்றாவது அவனுடையது. கீழே ஜீப் காத்திருந்தது, அவன் வாசலில் நின்றுகொண்டு, “முடிஞ்சுதா? காத்து நல்லா இருக்கும்போதே ஏறணும்,” என்றான். அவள் பலகையைப் பார்த்தாள். ஆறு. மேசைக்கு அடியில் விழுந்திருக்கும், மேலங்கிப் பையில் இருக்கும், அப்புறம் தேடலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். அட்டையில் எண்ணிக்கைக்கு நேரே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் கையில் தந்தாள். அவன் போனபின் மேசைக்கு அடியில் தேடினாள், மேலங்கியை உதறினாள், மற்ற இரண்டு மூட்டைகளையும் பிரித்துப் பார்த்தாள். இல்லை. போன் அடித்தாள், அவன் ஏற்கெனவே மேலே இருந்தான்.

மேட்டிலிருந்து யாரோ எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. ரொம்பத் தூரத்தில் ஒரு சிறகு கசங்குகிறது, சுழல்கிறது, சுழன்றுகொண்டே நீர்த்தேக்கத்துக்குள் போகிறது. வீசினானா இல்லையா என்று அதில் தெரியாது. நாலு நாள் தேடினார்கள். ஆளும் கிடைக்கவில்லை, மூட்டையும் கிடைக்கவில்லை. சுழற்சியில் மயங்கியிருப்பான், இழுத்திருக்க மாட்டான் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அவளுடைய அட்டையின் நகலைப் பார்த்துவிட்டு, ‘எண்ணிக்கை சரியாக இருக்கிறது’ என்று ஒரு அதிகாரி மரியாதையாகத் தலையசைத்தார். அதற்கு முந்திய இரவே அவள் கயிற்றுக்கண்டிலிருந்து புதுக்கயிறு ஒரு முழம் வெட்டி, ஏழாவது ஆணியில் மாட்டிவிட்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், சோறும் மறைத்துக்கொண்டது. அவள் அழுகை நின்றது அப்போதுதான். அழுதால் வாய் திறக்கும், திறந்தால் அதுதான் வெளியே வரும்.

எட்டாவதை அவள் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டப்படி பார்த்தால் எண்ணிக்கை கூடினாலும் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சாயங்காலம் கொழுந்தன் வந்து ஏன் என்று கேட்பான். கேட்டால் எட்டைச் சொல்ல வேண்டும். எட்டைச் சொன்னால் ஆறையும் சொல்ல வேண்டும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! பதினோரு மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று அவளிடம் வந்து சேரப் பார்த்தது. அது என்னவென்று பார்க்க அவள் விரும்பவில்லை. மேசைக்குத் திரும்பினாள். வளையத்தைக் கொக்கியில் மாட்டினாள். உச்சியைப் பிடித்து இழுத்தாள்.

எதிர்முனை பிடித்துக்கொண்டது. விட்டு, எடுத்து. விட்டு, எடுத்து.

“நீங்களா?” என்றாள்.

புறாக்கள் நின்றுவிட்டன. விளக்கு மட்டும் ரீங்கரித்தது. கயிறு மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு தரம் இறுகித் தளர்ந்தது. அவளுக்கு அழத் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். விரல் நுனியில் குளிர்ச்சி தெரிந்தது. சூடு தெரியாத விரலுக்குக் குளிர் தெரிந்தது. அவள் அடுக்க ஆரம்பித்தாள். ஒரு கூறு, அடுத்த கூறு, துணி துணியோடு உரசும் மெல்லிய சரசரப்பு, ஒவ்வொரு மடிப்பையும் முன்கையால் நீவி விடும்போது அடியிலிருந்து வெளியேறும் காற்று. அந்தக் காற்றிலும் பாசி வாடை இருந்தது. மடிப்பு கலையாமல் மேலே வைக்கும் மணல் பைக்காகக் கையை நீட்டினாள். கை எட்டும் இடத்தில் அது இருந்தது. அடுத்ததற்கு நீட்டினாள், அதுவும். மேசையின் மறுகோடியில் இருந்த பைகள் அவை.

“இது தம்பியோடது,” என்றாள். “நல்லா பிடிங்க.”

எதிர்முனையில் மூச்சு நின்றது.

அவள் காத்திருந்தாள். கயிறு இரும்புபோல் நின்றது. கொக்கிதான் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்போல். பிறகு மறுபடி விட்டது, எடுத்தது. முன்பைவிட வேகமாக.

அதற்கப்புறம் வேலை எப்படி நடந்தது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் இடப்பக்கம் மடிக்கும்போது வலப்பக்கம் மடிந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் மடிந்து முடிந்திருந்தது. அவளைவிடச் சுத்தமான மடிப்பு. கயிறுகள் ரப்பர் வளையங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. பையின் வாய் மூடியது. சிவப்புக் கயிற்றை அவள் கோத்தாளா? கோத்திருப்பாள். உருவினாளா? வாயைப் பூட்டும் ஊசியைச் செருகியது நினைவிருந்தது. மூட்டையைத் தூக்கித் தட்டிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. விரல்கள் ஊறிப்போய், ரொம்ப நேரம் தண்ணீரில் வேலை செய்த விரல்கள்போல் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பலகைக்குப் போனாள். எண்ணினாள்.

ஏழு.

கடைசி ஆணியில் பளிச்சென்ற சிவப்பு மட்டும் தொங்கியது. அதன் அடியில் ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சொட்டு ஈரம்.

அட்டையில் எழுத வேண்டிய இடத்துக்குமேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு இருக்க வேண்டும், ஏழு இருக்கிறது. எந்த அதிகாரி வந்து எண்ணினாலும் தலையசைப்பார். ஆனால் எட்டோடு ஆரம்பித்தால் எட்டோடு முடிய வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும், போன தடவை போலவே.

வெளியே பைக் வந்து நின்றது. அவள் ‘சரி’ என்று எழுதினாள். ஏன் எழுதினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை எழுதியது.

கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், செருப்பை வாசலில் விட்டுவிட்டு. தலை வாரியிருந்தான். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு களை.

“ஆச்சா அண்ணி?”

“ஆச்சு.”

அவன் மூட்டையை எடுத்துக் கையில் எடை பார்த்தான். மூக்கைச் சுளித்தான். “என்ன வாடை? எங்கயாவது தண்ணி ஒழுகுதா?”

“தெரியல.”

“பிளம்பரைக் கூப்பிடறேன் திங்கக்கிழமை.” மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் வாசல் வரைக்கும் போவதை அவள் பார்த்தாள். இவனும் போய்விடுவான் என்று தெளிவாகத் தெரிந்தது, வெளியே மழை பெய்கிறது என்று தெரிவதுபோல. சோறு ஊட்டிய பிள்ளை. வாயைத் திறந்தாள். ஆறு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது, சுலபமான ஒன்று.

“தம்பி, ஒரு தடவை தொங்கல்ல உட்கார்ந்து இழுத்துப் பாரு.”

கூடத்தின் கோடியில் உத்தரத்திலிருந்து இரண்டு சங்கிலி தொங்கும். பறக்கும்போது உட்காரும் இருக்கையை அதில் மாட்டி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஆளை உட்கார வைத்து, இழுத்து வீசப் பழக்குவார்கள். அதற்குப் பெயர் தொங்கல். அதை எப்போதும் மடிப்பதற்கு முன்னால்தான் செய்வது. மடித்து முடித்ததை யாரும் போய் வீச மாட்டார்கள்.

“இப்பதானே மடிச்சீங்க? மறுபடி மடிக்கணுமே.”

“மடிச்சிக்கிறேன். எனக்காக ஒரு தடவை.”

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. இத்தனை மாதம் கழித்து அண்ணிக்கு ஏதோ ஒன்று தோன்றுகிறதே. “சரி, உங்களுக்காக,” என்றான். இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தோள் வாரைப் பூட்டி, கால் வாரைப் பூட்டி, மூட்டையை இடுப்போரத்தில் பொருத்தினான். கால்கள் தரைக்கு ஒரு அடி மேலே ஆடின. வெறுங்கால். கட்டைவிரலால் தரையைத் தொடப் பார்த்து, எட்டாமல் சிரித்தான்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. திறக்காவிட்டால் இங்கேதான் திறக்காது. ஒரு அடி உயரத்தில். அவள் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம்.

“யோசிக்காதே, இழு, வீசு,” என்று அண்ணன் குரலில் சொல்லிக்காட்டி, சிவப்புக் கைப்பிடியை இழுத்து, முழு பலத்தோடு வீசினான்.

மூட்டை கூடத்தின் குறுக்கே பறந்தது. கயிறுகள் சரசரவென்று ஓடின. முழு நீளத்துக்கும் ஓடின. இந்த இடத்தில் பை வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. தொப்பென்று தரையில் விழுந்து, ஒரு தடவை உருண்டு, மூடியபடி கிடந்தது.

“என்னண்ணி, திறக்கல?” என்றான் சிரித்துக்கொண்டே.

பிறகு அவன் தலைமுடி மேலே எழுந்தது.

முதலில் முடி. அப்புறம் சட்டைக் காலர். அப்புறம் சட்டை முழுவதும் படபடவென்று மேல்நோக்கி அடித்துக்கொண்டது. கன்னங்கள் மேலே ஏறின. உதடு மேலே மடங்கிப் பல் தெரிந்தது. சங்கிலிகள் தளர்ந்து தொய்ந்தன. அவன் தொங்கவில்லை. அவனை எதுவும் பிடித்திருக்கவில்லை. கைகள் இரண்டும் எதையோ தேடி வெறும் காற்றில் துழாவின.

திரைச்சீலை அசையவில்லை. அவள் முடி ஒன்றுகூட அசையவில்லை.

சட்டைப் பையிலிருந்து பைக் சாவி கழன்றது. மேலே போனது. உத்தரத்தில் ‘டங்’கென்று மோதியது. கீழே வரவில்லை.

அவள் ஓடினாள். அவன் கால்களைக் கட்டிப் பிடித்தாள். அவை அவள் கைகளுக்குள் அதிர்ந்தன, ஓடுகிற ரயிலின் கதவைப் பிடித்ததுபோல். பிடித்தும் ஒன்றும் நிற்கவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கீழே, ரொம்பக் கீழே பார்த்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. வாய்க்குள் புகுந்து வெளியேறும் காற்று.

விட்டுவிட்டு மூட்டையிடம் ஓடினாள். மண்டியிட்டாள். வாயைப் பிடித்து இழுத்தாள். நகம் பெயர்ந்தது, தெரிந்தது, வலி தெரிந்தது. எல்லாம் வந்துவிட்டது இப்போது. பதினோரு மாதத்துப் பயமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. ஒரு மடல் திறந்தது. உள்ளே இன்னொரு மடல். அதைத் திறந்தாள். இன்னொன்று. அவள் அத்தனை மடல் வைக்கவில்லை. எந்தப் பையிலும் அத்தனை மடல் கிடையாது. ஈரமான, சுத்தமான, கச்சிதமான மடிப்பு. ஒன்றின் உள்ளே ஒன்று.

“ஆறுதான் இருந்துது,” என்று கத்தினாள். “தம்பி! அன்னிக்கு ஆறுதான் இருந்துது. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் இழுத்திருப்பார்டா. அவர் இழுத்தார். நான்தான்...”

அவனுக்குக் கேட்கவில்லை. அந்தக் காற்றில் எதுவும் கேட்காது.

இன்னொரு மடல். இன்னொன்று.

திரும்பிப் பார்த்தாள். அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான். கண்ணீர் நெற்றி வழியாக ஏறி முடிக்குள் போய்க்கொண்டிருந்தது. முழங்காலை மெல்ல மடக்கி, இரண்டு பாதங்களையும் ஒன்றாகச் சேர்த்தான். தரை கிட்டே வந்துவிட்டால் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். சேர்த்து வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தான். தரை அவன் பாதத்துக்கு ஒரு அடி கீழே இருந்தது. ஜன்னல் திரையின் ஓரத்தில் வெளிச்சம் மங்கி, போயே போனது. அவன் இன்னும் விழுந்துகொண்டிருந்தான்.